சென்னை டு புனே... வீட்டைக் காலி பண்ணிட்டு கார்லயே கிளம்புறீங்களா? 3 நாள், 1,200 கி.மீ பயணத்துக்கான முழு பிளான்!

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. நோட்டீஸ் பீரியட் முடிஞ்சாச்சு. புனேல வாடகைக்கு வீடும் பார்த்தாச்சு. பேக்கர்ஸ் ஆட்கள் வந்து ஃப்ரிட்ஜ், கட்டில், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஆணி அடிச்ச தடம் மட்டும் மிச்சமிருக்கிற சுவரைப் பார்த்துட்டு நிக்கிறீங்க. கீழே பார்க்கிங்ல உங்க கார் நிக்குது. போன்ல அம்மா, "பிளைட்ல போனா ரெண்டு மணி நேரத்துல இறங்கிடலாம். எதுக்கு இந்த வேண்டாத வேலை?"னு கேட்கிறாங்க.

கேள்வி நியாயமானதுதான். ஆனா, அம்மாகிட்ட சொல்ல உங்ககிட்ட ஒரு நல்ல பதில் இருக்கு. நீங்க ரெண்டு மணி நேரத்துல போய்ச் சேர்ந்தாலும் உங்க கட்டில் வந்து சேராது. சென்னையிலிருந்து புனேக்கு வீட்டுச் சாமான் போய்ச் சேர பொதுவா மூணுல இருந்து அஞ்சு நாள் ஆகும். லாரியில உங்க சாமானோட இன்னும் ரெண்டு மூணு வீட்டுச் சாமானும் ஏறினா, ஒரு வாரம்கூட ஆகலாம். அதுவரைக்கும் வெறும் வீட்டுல, பாய்கூட இல்லாம உட்கார்ந்திருக்கணும். இல்லைன்னா ஹோட்டலுக்குக் காசு கொடுக்கணும்.

எப்படியும் காத்திருக்க வேண்டிய அந்த மூணு நாளை ரோட்டுல செலவு பண்ணினா என்ன? காரும் புது ஊருக்கு வந்துடும். வழியில நாலு இடமும் பார்த்துடலாம். ஆனா, இது சாதாரண டூர் இல்ல. கார் நிறைய சாமான், மனசு நிறைய பாரம், ஒரு வாரமா சரியா தூங்காத உடம்பு... இந்த மூணையும் சேர்த்து ஓட்டப்போற பயணம். அதனால பிளானும் கொஞ்சம் வேற மாதிரி இருக்கணும்.

முதல்ல ரூட்டைப் புரிஞ்சுக்குவோம்!

சென்னையிலிருந்து புனேக்குப் பெரும்பாலும் ஒரே ரோடுதான், தேசிய நெடுஞ்சாலை 48. டெல்லியில ஆரம்பிச்சு ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூரு வழியா சென்னையில முடியுற ரோடு இது. நம்ம பயணத்துல வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர், சதாரான்னு ஊர்கள் வரிசையா வரும். மொத்தம் கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர்.

"20 மணி நேரம்தானே, ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டினா ஒரே மூச்சுல போயிடலாமே"ன்னு தோணும். வேண்டாம். வீடு காலி பண்ற வாரத்துல யாருக்கும் முழுத் தூக்கம் இருக்காது. நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் உடம்பு தானாவே தூக்கத்துக்குப் போகும் நேரம். நாலுவழிச் சாலை நேரா, ஒரே மாதிரி போறதால கண் திறந்திருக்கும்போதே சில நொடி தூங்கிடுவோம். அந்த சில நொடிக்குள்ள கார் நூறு மீட்டர் போயிருக்கும்.

ஒரு நாளைக்கு அதிகபட்சம் 430 கிலோமீட்டர். இருட்டுறதுக்கு முன்னாடி ரூம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் 15 நிமிஷம் பிரேக். இந்த மூணு கணக்கையும் மாத்தாதீங்க. அப்படிப் பிரிச்சா 420, 340, 430ன்னு மூணு நாள் வரும்.

லாரியில எது... கார்ல எது?

லாரி வர லேட்டானாலும் ரெண்டு நாள் சமாளிக்கத் தேவையானது எல்லாம் கார்ல இருக்கணும். இதுதான் அடிப்படை விதி.

* சர்டிஃபிகேட், பாஸ்புக், நகை, லேப்டாப், ஹார்ட் டிஸ்க் - இவை எப்பவும் உங்க கூடவே. ராத்திரி ஹோட்டல்ல தங்கும்போது காரிலேயே விட்டுடாதீங்க, ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.
* 'முதல் ராத்திரி பெட்டி'ன்னு ஒண்ணு தனியா கட்டுங்க. பெட்ஷீட், தலையணை, ஒரு பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், துடைப்பம், பூட்டு, மாத்திரை, ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர்.
* இண்டக்‌ஷன் அடுப்பும் பால் காய்ச்சுற பாத்திரமும் கார்ல. ஏன்னு கடைசியில சொல்றேன்.
* ஊறுகாய், எண்ணெய், செடித்தொட்டி மாதிரி விஷயங்களை நிறைய பேக்கர்ஸ் ஏத்த மாட்டாங்க. அம்மா கொடுத்த ஆவக்காயும் பால்கனி கறிவேப்பிலைச் செடியும் உங்க பொறுப்புதான்.

கேஸ் சிலிண்டரை மட்டும் கார்லயும் ஏத்தாதீங்க, லாரியிலயும் ஏத்தாதீங்க. ஏஜென்சியில சிலிண்டர், ரெகுலேட்டரை ஒப்படைச்சா டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து 'டெர்மினேஷன் வவுச்சர்' தருவாங்க. புனேல அதைக் காட்டி புது கனெக்‌ஷன் வாங்கிக்கலாம்.

லாரி கிளம்புறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு வேலை இருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டு, போட்டோ எடுத்து, லிஸ்ட்ல அவங்க கையெழுத்தை வாங்குங்க. லாரி நம்பர், டிரைவர் போன் நம்பர், பில்டி காப்பி மூணும் உங்ககிட்ட இருக்கணும். பேசின தொகை எழுத்துல இருக்கணும். பாதி வழியில, 'இன்னும் பணம் போட்டாத்தான் சாமான் இறங்கும்'னு மிரட்டுற ஆட்களும் இந்தத் தொழில்ல உண்டு. இந்தக் காகிதங்கள்தான் அப்போ உங்களுக்குத் துணை.

சாமான் ஏத்துறதுலயும் ஒரு கணக்கு இருக்கு!

இடம் இருக்குன்னு கூரை வரைக்கும் அடுக்குறதுதான் பெரும்பாலானவங்க பண்ற தப்பு. 80 கிலோமீட்டர் வேகத்துல போற கார் திடீர்னு நின்னா, கட்டாம வெச்ச குக்கர் நிக்காது. அது அதே 80 வேகத்துல உங்க தலையை நோக்கி வரும். கனமான புத்தகப் பெட்டி, மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் டிக்கியோட அடியில, பின்சீட்டை ஒட்டி இருக்கணும். அதுக்கு மேல துணி, தலையணை. எதுவும் சீட்டோட உயரத்தைத் தாண்டக் கூடாது. ரியர் வியூ மிரர்ல பின்னாடி ரோடு தெரியணும்.

டிரைவர் கதவைத் திறந்தா, ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல சாதாரண லோடுக்கும் ஃபுல் லோடுக்கும் தனித்தனியா டயர் பிரஷர் போட்டிருப்பாங்க. ஃபுல் லோடு அளவுக்குக் காத்து அடிங்க. கிளம்புறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போதே அடிச்சிடணும். ஸ்டெப்னியை மறந்துடாதீங்க. அது டிக்கியில மொத்தச் சாமானுக்கும் அடியில இருக்குன்னா, பஞ்சர் ஆனா நடுரோட்டுல குடித்தனத்தையே இறக்கி வைக்கணும். அதனால ஈஸியா இறக்குற மாதிரி பெட்டிகளை அடுக்குங்க.

பின்னாடி பாரம் ஏறினா காரோட மூக்கு கொஞ்சம் தூக்கும். ஹெட்லைட் வெளிச்சம் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல லைட்டோட உயரத்தைக் குறைக்கிற சின்ன திருகி நிறைய கார்கள்ல இருக்கும். அதைத் திருப்பி லைட்டைத் தாழ்த்துங்க. பாரம் ஏறின கார் பிரேக் பிடிச்சு நிக்கவும் கூடுதல் தூரம் எடுத்துக்கும். முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்க.

எங்க நிறுத்தணும்? மூணே கேள்வி!

மேப்பைத் திறந்தா எல்லா இடமும் ஆசை காட்டும். ஹம்பி போலாமா, பாதாமி போலாமா, மகாபலேஷ்வர் போலாமான்னு தோணும். ஒவ்வொரு இடத்துக்கும் இந்த மூணு கேள்வியைக் கேளுங்க.

1. சாமானோட நிக்கிற காருக்கு, ஆள் நடமாட்டம் இருக்கிற பார்க்கிங் கிடைக்குமா?
2. நெடுஞ்சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கா?
3. ரெண்டு மணி நேரத்துல பார்த்துட்டுத் திரும்ப முடியுமா?

மூணுக்கும் 'ஆமா'ன்னா நிறுத்துங்க. ஒண்ணு இடிச்சாலும் விட்டுடுங்க. ஹம்பி இந்த டெஸ்ட்ல ஃபெயில். சித்ரதுர்காவிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல விலகிப் போகணும், பார்க்கவே முழுசா ஒரு நாள் வேணும். பாதாமியும் ஃபெயில்தான். ஒரு நாளைக்கு ஒரு பெரிய ஸ்டாப், ஒரு நல்ல சாப்பாடு. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

நிறுத்தும்போது பின்சீட்டுச் சாமான் மேல கறுப்பு அல்லது அடர்நிற பெட்ஷீட் ஒண்ணைப் போட்டு மூடிடுங்க. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத கார் மேல யாருக்கும் பெருசா ஆர்வம் வராது.

நாள் 1: சென்னை டு தும்கூர் (சுமார் 420 கி.மீ)

காலை 5 மணிக்குக் கிளம்பிடுங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுறதுக்கு முன்னாடி தாண்டிட்டா நல்லது. 140 கிலோமீட்டர்ல வேலூர். ஏழரை மணிக்கெல்லாம் கோட்டை வாசல்ல இருப்பீங்க.

விஜயநகர ஆட்சிக் காலத்துல, 16-ம் நூற்றாண்டுல கட்டின கோட்டை இது. சுத்தி அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். பல காலம் மூலவர் இல்லாம இருந்த இந்தக் கோயில்ல 1981-லதான் மறுபடியும் சிவலிங்கம் வெச்சாங்க. 1857 கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே, 1806 ஜூலை 10-ல இந்தக் கோட்டையிலதான் சிப்பாய்கள் ஆங்கிலேயர்களுக்கு எதிரா எழுந்தாங்க. பஸ்ல போகும்போது எத்தனையோ தடவை வெளியிலிருந்து பார்த்திருப்பீங்க. உள்ளே போயிருக்க மாட்டீங்க. ஊரை விட்டுப் போற அன்னிக்குத்தான் நம்ம ஊர்ல பார்க்காம விட்டதெல்லாம் ஞாபகம் வரும். ஒரு மணி நேரம் நடந்துட்டு வாங்க.

வேலூர்லயே டிபன் முடிக்கலாம். இல்லைன்னா பசியை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டா ஆம்பூர். சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் இந்த நெடுஞ்சாலையோட அடையாளம். ஆனா ஓட்டுறவங்க அரை பிளேட்டோட நிறுத்திக்கங்க. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு ஸ்டீயரிங் பிடிச்சா கிருஷ்ணகிரி தாண்டுறதுக்குள்ள கண்ணைச் சுத்தும்.

ஓசூர்தான் வழியில தமிழ் போர்டு நிறைய தெரியுற கடைசி ஊர். அங்க மதியச் சாப்பாடு. வீட்டுக்கு ஒரு போன் பண்ணிடுங்க. பெங்களூருக்குள்ள நுழைஞ்சுடாதீங்க, அரை நாள் போயிடும். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்துல நைஸ் ரோடுல ஏறினா ஊரைச் சுத்திக்கிட்டு தும்கூர் ரோடுல இறங்கலாம். டோல் கொஞ்சம் அதிகமா தெரியும். மிச்சமாகுற நேரத்துக்கு அது லாபம்தான். சாயங்காலம் தும்கூர்ல ரூம். ரூம் புக் பண்ணும்போது விலையைவிட முக்கியமா கேட்க வேண்டியது, "காம்பவுண்டுக்குள்ள பார்க்கிங் இருக்கா, ராத்திரி வாட்ச்மேன் இருப்பாரா?"ங்கிறதுதான்.

நாள் 2: தும்கூர் டு ஹூப்ளி (சுமார் 340 கி.மீ)

ரெண்டாவது நாள் வேணும்னேதான் சின்னதா வெச்சிருக்கு. முதல் நாள் இருந்த பரபரப்பு வடிஞ்சு, அலுப்பு முழுசா தெரியுறது இன்னிக்குத்தான்.

காலையில சீக்கிரம் கிளம்பினா ரெண்டு மணி நேரத்துல சித்ரதுர்கா. தூரத்துலயே குன்றுகள் மேல காத்தாலைகள் சுத்துறது தெரியும். பாறைகளோட பாறையா கலந்து நிக்கிற கோட்டை இது. ஏழு சுற்று மதில் இருக்கிறதால கன்னடத்துல 'ஏழு சுத்தின கோட்டே'ன்னு சொல்வாங்க. நாயக்கர் வம்சத்துப் பாளையக்காரர்களோட கோட்டை. கடைசி அரசர் மதகரி நாயக்கரைத் தோற்கடிச்சு 1779-ல ஹைதர் அலி இதைப் பிடிச்சார்.

இங்க கட்டாயம் பார்க்க வேண்டியது ஒரு சின்னப் பாறை இடுக்கு. ஹைதரோட வீரர்கள் அந்த இடுக்கு வழியா ஒவ்வொருத்தரா தவழ்ந்து உள்ளே வந்தப்போ, காவல்காரரோட மனைவி ஓபவ்வா கையிலிருந்த உலக்கையாலேயே அவங்களை அடிச்சு வீழ்த்தினதா இந்த ஊரே சொல்லும். கன்னடத்துல உலக்கைக்கு 'ஒனகே'ன்னு பேர். அதனாலதான் அவங்க 'ஒனகே ஓபவ்வா'. கோட்டையில ஏறி இறங்க வேண்டியிருக்கும், நிழல் குறைவு. தண்ணி பாட்டிலும் நல்ல ஷூவும் அவசியம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இறங்கிடுங்க. முந்தின நாள் முழுக்க மடங்கியிருந்த காலுக்கு இது நல்ல வைத்தியம்.

அடுத்து தாவணகெரே. இந்த ஊர் பெண்ணெ தோசை கர்நாடகா முழுக்க பிரபலம். 'பெண்ணெ'ன்னா வெண்ணெய். வெள்ளை வெண்ணெய் உருகி வழிய, மொறுமொறுன்னு ஒரு தோசை. தொட்டுக்க தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு பல்யா. கடைக்காரரை "அண்ணா"ன்னு கூப்பிடுங்க. கன்னடத்துலயும் அண்ணன் அண்ணாதான்.

சாப்பிட்டுக் கிளம்பினா சீக்கிரமே ஹரிஹர் பக்கத்துல துங்கபத்ரா ஆத்தைத் தாண்டுவீங்க. 'ராணிபென்னூர், ஹாவேரி'ன்னு அடுத்தடுத்து போர்டு வரும். மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் மறுபடி தூக்கம் தட்டும். கண் சொருகினா ஏசியைக் கூட்டுறது, பாட்டு சத்தத்தை ஏத்துறது எதுவும் வேலைக்காகாது. பெட்ரோல் பங்குல நிறுத்தி 20 நிமிஷம் தூங்கி எழுந்திருங்க. அதுதான் ஒரே மருந்து.

ஹூப்ளியில ரூம் போட்டு, காரை அங்கேயே விட்டுட்டு, சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆட்டோல போங்க. பிளாட்ஃபார்ம் டிக்கெட் வாங்கிக்கங்க. 1,507 மீட்டர் நீளம்... உலகத்துலயே நீளமான பிளாட்ஃபார்ம் இங்கதான் இருக்கு. 2023-ல திறந்தாங்க. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினா மூணு கிலோமீட்டர் வாக்கிங். பெட்டியும் கையுமா போறவங்களைப் பார்த்துட்டே நடக்கும்போது, ஊர் மாறுறது நாம மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதல் வரும். திரும்பும்போது கிர்மிட்டும் மிளகாய் பஜ்ஜியும் சாப்பிடுங்க. நம்ம மசாலா பொரிக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும் கிர்மிட். பக்கத்து ஊரான தார்வாட் பேடாவும் ஒரு பெட்டி வாங்கிக்கங்க. புது வீட்டு ஓனருக்கும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கொடுக்க ஆகும்.

நாள் 3: ஹூப்ளி டு புனே (சுமார் 430 கி.மீ)

காலை 6 மணிக்கே கிளம்பணும். வெளிச்சம் இருக்கும்போதே புனேல இருக்கணும்ங்கிறதுதான் இன்னிக்கு இலக்கு.

தார்வாட் தாண்டினா கிட்டூர். 1824-ல ஆங்கிலேயர்களை எதிர்த்துப் போரிட்ட ராணி சென்னம்மாவோட ஊர். அரண்மனையோட இடிபாடுகள் நெடுஞ்சாலைக்குப் பக்கத்துலயே இருக்கு. இல்லைன்னா 200 கிலோமீட்டர் போய் கோலாப்பூர் மகாலட்சுமி கோயில். ரெண்டுல ஒண்ணு மட்டும். கோயில்னா வெள்ளிக்கிழமையும் பண்டிகை நாளும் வேண்டாம், கூட்டம் ரெண்டு மணி நேரத்துல விடாது. நெருக்கமான கடைத்தெருவுக்குள்ள காரைக் கொண்டுபோகாம, வெளியில பார்க்கிங்ல விட்டுட்டு ஆட்டோ பிடிங்க.

நிப்பாணி தாண்டினதும் மகாராஷ்டிரா. இனி போர்டுகள் மராத்தியில. டீக்கடையில "அண்ணா"வுக்குப் பதில் "தாதா" (மூத்தவங்கன்னா "காகா", பெண்கள்னா "தாயி" அல்லது "மாவ்ஷி"). 'கிதி?'ன்னா எவ்வளவு. 'உஜ்வீகடே' வலப்பக்கம், 'டாவீகடே' இடப்பக்கம். கோலாப்பூர் மிசளை ஒரு வாய் வெச்சதும் 'பாணி'ங்கிற வார்த்தையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. காரம் அப்படி. பிளைட்ல வந்திருந்தா இந்த வார்த்தைகளையெல்லாம் முதல் நாளே புது வீட்டு வாசல்ல நின்னு திணறிக்கிட்டே கத்திருப்பீங்க. இப்போ டீக்கடையில சிரிச்சுக்கிட்டே கத்துக்கிறீங்க.

மழைக்காலம்னா ஒரு எச்சரிக்கை. 2019 ஆகஸ்ட்லயும் 2021 ஜூலைலயும் பஞ்சகங்கா வெள்ளத்தால கோலாப்பூர் பக்கத்துல இந்த நெடுஞ்சாலை நாள்கணக்கா மூடியிருந்துச்சு. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும்னா, பெலகாவி தாண்டுறதுக்கு முன்னாடி வானிலைச் செய்தியையும் மேப்பையும் பார்த்துடுங்க. ஒரு நாள் கூடுதலா கையில வெச்சுக்கங்க.

சதாரா தாண்டினா கம்பட்கி மலைப்பாதை. அதுக்கப்புறம் புனே நுழைவு. இந்த மொத்தப் பயணத்துலயும் அதிக கவனம் வேண்டிய இடம் கடைசி பத்து கிலோமீட்டர்தான். காத்ரஜ் புது சுரங்கம் தாண்டினதுலேர்ந்து நவலே பாலம் வரைக்கும் ரோடு நீளமா இறங்கிட்டே இருக்கும். டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல இறங்குற லாரிகள், பிரேக் பிடிக்காம முன்னாடி நிக்கிற வண்டிகள் மேல மோதி, திரும்பத் திரும்ப பெரிய விபத்துகள் நடந்த இடம் இது. குறைஞ்ச கியர்ல, போர்டுல போட்டிருக்கிற வேகத்துக்குள்ள, லாரிக்கு முன்னாடி ஒட்டி நிக்காம இறங்குங்க. "வீடு வந்துடுச்சு"ன்னு மனசு தளர்ற நேரமும் அதேதான். அதனாலதான் கோலாப்பூரை மதியம் 12 மணிக்குள்ள விட்டுடணும்.

காசும் காகிதமும்!

15 கிலோமீட்டர் மைலேஜ் கொடுக்கிற கார்னா 80 லிட்டர் பெட்ரோல் ஆகும். லோடு, ஏசி, மேல கேரியர் இருந்தா இன்னும் கூடும். ஃபாஸ்டேக்ல பேலன்ஸை முந்தின நாளே பாருங்க. ஃபாஸ்டேக் வேலை செய்யலைன்னா யு.பி.ஐ-ல ஒண்ணேகால் மடங்கு டோல் கட்டணும். அடிக்கடி ஊருக்கு வந்துபோற ஐடியா இருந்தா, 2025 ஆகஸ்ட்ல 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருட பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்க. தேசிய நெடுஞ்சாலை டோல்கள்ல ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதல்ல முடியுதோ அதுவரைக்கும் செல்லும். வழியில வண்டி நின்னுட்டா நெடுஞ்சாலை உதவி எண் 1033, அவசரம்னா 112.

ஆர்.சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கர்ல இருந்தாலே போதும். ஆனா, உங்க டி.என் நம்பர் பிளேட்டுக்கு ஒரு கெடு இருக்கு. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டியை வெச்சிருந்தா, அந்த மாநில நம்பருக்கு மாத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. அதுக்கு உங்க பழைய ஆர்.டி.ஓ-விடமிருந்து தடையில்லாச் சான்று வேணும், அது படிவம் 28. கார் லோன் இருந்தா பேங்க்கோட சம்மதமும் தேவை. புனேல வரி கட்டினதுக்கு அப்புறம், இங்க கட்டின ஆயுட்கால வரியில மிச்ச காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். பி.ஹெச் சீரீஸ் நம்பர்னா இந்த அலைச்சலே இல்ல. வீட்டுக்கும் அங்க பேர் வேற. பெரும்பாலும் 11 மாசத்துக்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் போடுவாங்க. மகாராஷ்டிராவுல அதைப் பதிவு பண்றது கட்டாயம். வெறும் பத்திரத்தாள் கையெழுத்தோட விட்டுடாதீங்க.

தனியா ஓட்டுறீங்கன்னா, லைவ் லொகேஷனை வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் ஷேர் பண்ணுங்க. மணிக்கு ஒரு போன் வர்றதுக்குப் பதிலா, ஒவ்வொரு பிரேக்லயும் நீங்களே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அவங்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் ஓட்டும்போது போன் தொல்லை இல்ல.

கடைசியா, அந்தப் பாத்திரம்!

மூணாவது நாள் சாயங்காலம். புது வீட்டுக் கதவைத் திறக்குறீங்க. லாரி இன்னும் பெலகாவி பக்கத்துல எங்கேயோ இருக்கு. கேஸ் கனெக்‌ஷன் இல்ல. ஆனா, கார்ல இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கு, பால் காய்ச்சுற பாத்திரம் இருக்கு. வழியில ஒரு பாக்கெட் பால் வாங்கியிருப்பீங்க. அம்மாவுக்கு வீடியோ கால் போடுங்க. பால் பொங்கும்போது அவங்களும் பார்க்கட்டும்.

பாத்திரத்தை லாரியில போட்டிருந்தா இந்த முதல் சாயங்காலம் இப்படி இருந்திருக்காது. "எதுக்கு இந்த வேண்டாத வேலை?"ன்னு கேட்ட அம்மா, இப்போ, "செடி வாடாம வந்துச்சா?"ன்னு கேட்பாங்க. கறிவேப்பிலைத் தொட்டியை பால்கனியில வெயில் படுற இடமா பார்த்து வைங்க.

ஹம்பி, பாதாமி எல்லாம் எங்கேயும் போயிடாது. கம்பட்கி வர்றதுக்கு முன்னாடி இடப்பக்கம் விட்டுட்டு வந்த மகாபலேஷ்வரும், சதாராவுக்குப் பக்கத்துல இருக்கிற காஸ் பூக்கள் பீடபூமியும் இனி உங்களுக்கு ஒரு வீக் எண்ட் தூரம்தான். பெட்டிகளைப் பிரிச்சு முடிங்க. அடுத்த டிரிப்புக்கு டிக்கி காலியா இருக்கும்!